ஆஸ்திரேலிய வார இறுதி: பொது ஓய்வுநேரத்தின் வரலாறும் பங்கீடும்

1. கேள்வியும் இதுவரையான விளக்கங்களும்

ஆஸ்திரேலியாவில் வெள்ளிக்கிழமை மாலைக்கும் திங்கட்கிழமை காலைக்கும் இடைப்பட்ட பொழுது குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் உரியது என்பது ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். சனி காலையில் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி, பிற்பகலில் யாரேனும் ஒருவர் வீட்டில் பார்பிக்யூ விருந்து, ஞாயிறன்று கடற்கரை அல்லது பூங்கா, மாலையில் வரும் வாரத்துக்கான துணி துவைப்பு என இரண்டு நாட்களும் ஓர் ஒழுங்கில் நகர்கின்றன. ஊருக்கு ஊர் விவரங்கள் மாறும். பெர்த்தில் கடல் முன்னிற்கும். மெல்போர்னில் கால்பந்து முன்னிற்கும். ஆனால் பெரும்பாலோருக்கு ஒரே வேளையில் ஓய்வு கிடைக்கிறது, அதைச் சேர்ந்து கழிக்கப் பொது இடங்களும் இருக்கின்றன என்ற அடிப்படை எங்கும் ஒன்றே. அந்த அடிப்படை எப்படி அமைந்தது, அதில் யார் யாருக்குப் பங்கு கிடைத்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் தட்பவெப்பத்தையும் மக்களின் இயல்பையும் காரணமாகக் காட்டுவது. வெயிலும் நீண்ட கடற்கரையும் இருக்கும் நாட்டில் மக்கள் வெளியே வந்து கூடுவது இயற்கை என்கிறது அது. சுற்றுலா விளம்பரங்கள் இந்த எண்ணத்தை வளர்த்தன. அமெரிக்கர்களை ஈர்ப்பதற்காக 1984-இல் நடிகர் பால் ஹோகனை வைத்து எடுக்கப்பட்ட தொலைக்காட்சி விளம்பரம் பார்பிக்யூ அடுப்பையே நாட்டின் முகவரியாக்கியது.

இதற்கு நேர் எதிரே ஒரு விமர்சன மரபும் உண்டு. கட்டடக் கலைஞர் ராபின் பாய்ட் 1960-இலும், எழுத்தாளர் டொனால்ட் ஹோர்ன் 1964-இலும் வெளியிட்ட நூல்கள் புறநகர் வாழ்வின் அழகின்மையையும் மேலோட்டமான மனநிறைவையும் கேள்விக்குட்படுத்தின. அடிலெய்டைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஹ்யூ ஸ்ட்ரெட்டன் 1970-இல் ஆஸ்திரேலிய நகரங்கள் பற்றி எழுதிய நூலில் இக்கருத்தை மறுத்தார். தனி வீடும் பின்முற்றமும் சாதாரணக் குடும்பங்களுக்குத் தாங்களே எதையாவது செய்து பார்க்கவும், பிள்ளைகள் விளையாடவும், நண்பர்களை அழைக்கவும் இடம் தருகின்றன என்பது அவர் வாதம்.

இந்த விவாதத்தில் இடத்தைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. நேரத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து ஓய்வெடுக்கும் நேரம் வெயிலைப் போல வானத்திலிருந்து வந்ததல்ல. தொழிற்சங்கங்களும் நீதிமன்றங்களும் நகராட்சிகளும் சம்பளமில்லாமல் உழைத்த தன்னார்வலர்களும் சேர்ந்து உண்டாக்கிய ஏற்பாடு அது. ஆகவே அதைக் கலைக்கவும் முடியும், சிலரை அதிலிருந்து விலக்கவும் முடியும். இரண்டுமே நடந்திருக்கின்றன.

2. நேரம் கிடைத்த வழி

1851-இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின் விக்டோரியாவில் கட்டுமானம் பெருகியது. தேர்ந்த தொழிலாளர்களுக்குத் தட்டுப்பாடு நிலவியது. அந்த வலிமையோடு 1856 ஏப்ரல் 21 அன்று மெல்போர்ன் கல்தச்சர்கள் பல்கலைக்கழகக் கட்டடப் பணியிலிருந்து கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். கூலி குறையாமல் எட்டு மணி நேர வேலைநாள் அவர்களுக்குக் கிடைத்தது. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தம் விருப்பத்துக்கு என்ற முழக்கத்தைக் குறிக்கும் மூன்று எட்டுகள் தாங்கிய நினைவுத்தூண் மெல்போர்ன் தொழிற்சங்க மாளிகை அருகே இன்றும் நிற்கிறது.

இந்த வெற்றியை வார இறுதியின் பிறப்பாகக் கொள்வது பொருந்தாது. அன்றைய வாரம் ஆறு நாள் வேலையும் 48 மணி நேர உழைப்பும் கொண்டது. அதுவும் சில கட்டுமானத் தொழில்களுக்கு மட்டுமே கிடைத்தது. கடைச் சிப்பந்திகள் இரவு நெடுநேரம் வரை நின்றனர். தையல் கூடங்களில் வேலை செய்த பெண்களின் நிலை இன்னும் கடினம். 1882-இல் மெல்போர்ன் தையல் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோதுதான் அந்த நிலை ஊரறிய விவாதத்துக்கு வந்தது.

சனிக்கிழமை இரண்டு கட்டங்களாக விடுபட்டது. முதலில் அரைநாள் விடுப்பு, தொழில் தொழிலாகப் பரவி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொது வழக்கமானது. கால்பந்துப் போட்டிகள் சனி பிற்பகலில் நடப்பது இந்த அரைநாளிலிருந்து பிறந்த வழக்கம். அடுத்து வேலை மணிநேரம் குறைந்தது. காமன்வெல்த் சமரச நடுவர் நீதிமன்றம் 1927-இல் பொறியியல் தொழிலாளர்கள் வழக்கில் 44 மணி நேர வாரத்தை ஏற்றது. பொருளாதாரப் பெருமந்தத்தையும் போரையும் தாண்டி 1947-இல் 40 மணி நேர வாரத்துக்குத் தீர்ப்பு வந்தது. 1948 ஜனவரி முதல் அது நடைமுறையானது. எட்டு மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள். முழுச் சனிக்கிழமையும் உழைப்பாளியின் கைக்கு வந்தது அப்போதுதான்.

தட்பவெப்ப விளக்கத்துக்கு இந்தக் காலவரிசையே மறுப்பு. 1850-இலும் வெயில் இருந்தது, கடற்கரை இருந்தது. அவற்றை அனுபவிக்கும் நேரம் பெரும்பாலோரிடம் இல்லை.

3. மூடிய ஞாயிறும் வீட்டுப் பின்முற்றமும்

சனிக்கிழமையைப் போராடிப் பெற்ற சமூகம் ஞாயிறைத் தேவாலய ஒழுக்கத்திடமிருந்து பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் பாதி வரையும் அதற்குப் பின்னும் ஞாயிறன்று கடைகள் இல்லை, மதுக்கடைகள் இல்லை, பல ஊர்களில் திரைப்படமும் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் மதுக்கடைகள் ஞாயிறன்று முறையாகத் திறக்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வார நாட்களிலும் முதல் உலகப் போர்க் காலத்தில் வந்த சட்டப்படி மதுக்கடைகள் மாலை 6 மணிக்கே மூடின. சிட்னியில் இது 1955 வரையும், மெல்போர்னில் 1966 வரையும், அடிலெய்டில் 1967 வரையும் நீடித்தது.

இந்தத் தடைகளின் விளைவு வீட்டில் தெரிந்தது. கூடிப் பேச, உண்ண, குடிக்க வெளியே இடமில்லாத சூழலில் வீடே கூடுமிடமானது. போருக்குப் பிந்தைய ஆண்டுகள் அந்த வீட்டையும் பெரிதாக்கின. 1947-இல் சொந்த வீடுடைய குடும்பங்கள் பாதிக்குச் சற்று மேல். 1966-இல் 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. 40 மணி நேர வாரம் நடைமுறைக்கு வந்த அதே 1948-இன் நவம்பரில், பிரதமர் பென் சிஃப்லி முதல் ஹோல்டன் காரை மெல்போர்னில் அறிமுகம் செய்தார். 1952-இல் சிட்னியின் கான்கார்ட் பகுதியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் வீட்டிலேயே உருவாக்கிய விக்டா புல்வெட்டி விரைவில் எங்கும் பரவியது. சனி காலையில் தெருவெங்கும் புல்வெட்டி இரைச்சல் கேட்பது புறநகரின் அடையாளமானது.

பின்முற்ற விருந்துக்கு நடைமுறை ஒழுங்கு உண்டு. அழைத்தவர் அடுப்பையும் இறைச்சியின் ஒரு பகுதியையும் பார்த்துக்கொள்வார். வருபவர்கள் ஆளுக்கொரு உணவும் தாம் குடிப்பதற்கானதும் கொண்டுவருவார்கள். அடுப்பருகே ஆண்கள் நின்றபடி பேசுவார்கள். சமையலறையில் பெண்கள் சாலட் நறுக்குவார்கள். இந்தக் கடைசிப் பிரிவினை இன்று தளர்ந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. ஆஸ்திரேலியப் புள்ளியியல் அலுவலகம் 2020-21-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 31 நிமிடமும் ஆண்கள் 3 மணி 12 நிமிடமும் செலவிடுகின்றனர். ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய வேலையாக இருக்கும் இடங்களில் குடும்ப வார இறுதியும் ஒன்று என்பதை ஸ்ட்ரெட்டனின் பின்முற்றப் பாராட்டைப் படிக்கும்போது சேர்த்தே நினைக்க வேண்டும்.

4. பொது அடுப்பும் பொதுக் கடற்கரையும்

சொந்தப் பின்முற்றம் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு நகராட்சிகள் தந்த விடை, வியக்கத்தக்க அளவுக்குத் தாராளமானது. பெரும்பாலான ஊர்ப் பூங்காக்களில் இலவச மின்சார பார்பிக்யூ அடுப்பு இருக்கிறது. செங்கல் அல்லது எஃகு மேடையில் பதித்த துருப்பிடிக்காத தட்டு; பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் தட்டு சூடாகும். சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடும், தேவையானால் மீண்டும் அழுத்த வேண்டும். தட்டின் நடுத்துளை வழியே கொழுப்பு கீழே வடியும். சமைத்து முடித்தவர் தட்டைச் சுரண்டி, காகிதத் துண்டால் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த மரியாதை. காத்திருக்கும் அடுத்த குடும்பம் யாராக இருந்தாலும் சரி. ஒரே தட்டில் ஒருபுறம் கொரியக் குடும்பத்தின் மாட்டிறைச்சியும் மறுபுறம் லெபனான் குடும்பத்தின் கோழித்துண்டுகளும் வேகும் காட்சியை மேற்கு சிட்னியின் எந்தப் பூங்காவிலும் காணலாம். மரக்கறி உண்பவர்கள் தட்டின் மீது அலுமினியத் தாளை விரித்துக்கொள்கிறார்கள். காசு வாங்காமல், அடையாளம் கேட்காமல் ஓர் அரசு அமைப்பு மக்களுக்கு அடுப்பு மூட்டித் தருவது சிறிய காரியமல்ல.

பொது நிலத்தை மக்களின் ஓய்வுக்கு ஒதுக்கும் மரபும் பழையது. சிட்னியின் தெற்கே 1879-இல் ஒதுக்கப்பட்ட ராயல் தேசியப் பூங்கா ஆஸ்திரேலியாவின் முதல் தேசியப் பூங்கா. நகரத் தொழிலாளர்கள் ரயிலேறி வந்து நாளைக் கழித்துத் திரும்பவே அது முதலில் திட்டமிடப்பட்டது. போக்குவரத்துக் கட்டணமும் இதில் சேரும்: சிட்னியில் பல ஆண்டுகள் ஞாயிறு முழுவதும் ரயில், பேருந்து, படகு எதில் எவ்வளவு சுற்றினாலும் உச்சக் கட்டணம் 2.50 டாலராக இருந்தது. காரில்லாத குடும்பங்கள் படகேறி மேன்லி கடற்கரைக்குப் போய்வர அது போதுமானதாக இருந்தது.

கடற்கரைப் பழக்கமே சட்டத்தோடு முட்டி மோதி வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் நியூ சவுத் வேல்ஸில் பொதுமக்கள் பார்வையில் பகல் வேளையில் கடலில் குளிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. 1902-இல் மேன்லியில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர் தடையை வெளிப்படையாக மீறினார். 1903-இல் மேன்லி நகராட்சி தடையைத் தளர்த்தியது. கூட்டம் வரத் தொடங்கியதும் மூழ்குவோர் எண்ணிக்கையும் உயர்ந்தது. அதற்கு எதிர்வினையாகத் தன்னார்வ உயிர்காப்புக் கழகங்கள் தோன்றின. பாண்டாய்க் கழகம் 1907-இல் தொடங்கியது. 1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை, பாண்டாயில் பேரலைகள் நூற்றுக்கணக்கானோரை அடித்துச் சென்றபோது கழகத்தினர் கயிற்றுச் சுருள்களோடு இறங்கி ஏறக்குறைய 250 பேரை மீட்டனர். ஐவர் இறந்தனர்.

இன்று வசந்தம் முதல் ஏப்ரல் வரை வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் பெரும்பாலான கடற்கரைகளைக் காப்பவர்கள் இந்தத் தன்னார்வலர்களே. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடைப்பட்ட நீரில் மட்டுமே குளிக்க வேண்டும் என்பது குழந்தைகளும் அறிந்த விதி. அவர்கள் அதைக் கற்கும் இடம் ஞாயிறு காலை நடக்கும் ‘நிப்பர்ஸ்’ பயிற்சி. 5 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் பளிச்சிடும் மேற்சட்டை அணிந்து மணலில் ஓடுவார்கள், அலையில் நீந்துவார்கள். பெற்றோர் இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று காவல் காப்பார்கள்.

5. சனிக்கிழமையை நடத்துபவர்கள்

சனி காலைப் போட்டிகளைக் குழந்தை விளையாட்டு என்று கடந்துபோக முடியாது. அயலார் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் முதன்மையான இடம் அந்த மைதானமே. பெண் பிள்ளைகளுக்கு நெட்பால், குளிர்காலத்தில் கால்பந்து வகைகள், கோடையில் கிரிக்கெட். காலை 8 மணிக்கே மைதானத்தில் வலை கட்ட வேண்டும், கோடு போட வேண்டும், ஓட்டங்களைக் குறித்துவைக்க வேண்டும், இடைவேளைக்கு ஆரஞ்சுப் பழம் நறுக்கிக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றுக்கும் பெற்றோர் முறை வைத்துக்கொள்கிறார்கள். பயிற்சியாளர் பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் தந்தையோ தாயோ.

கழகங்களின் செலவுக்குப் பணம் வரும் வழிகளில் ஒன்று சாசேஜ் கடை. பன்னிங்ஸ் என்னும் வன்பொருள் கடைகளின் வாசலில் வார இறுதிதோறும் ஏதேனும் ஓர் உள்ளூர் அமைப்பு அடுப்பு போட்டு நிற்கும். ஒரு துண்டு வெள்ளை ரொட்டி, அதில் குறுக்காக ஒரு சாசேஜ், வதக்கிய வெங்காயம், தக்காளி சாஸ். வெங்காயம் வழுக்கி விழுந்து யாரும் சறுக்கிவிடக் கூடாதென்று 2018-இல் அதைச் சாசேஜுக்கு அடியில் வைக்கும்படி கடை நிர்வாகம் அறிவுறுத்தியது நாடு முழுவதும் செய்தியானது. 2022 ஜூலையில் விலை 2.50 டாலரிலிருந்து 3.50 டாலராக உயர்ந்தது. வசூல் அந்தந்தக் கழகத்துக்கோ பள்ளிக்கோ போகிறது.

அரசியலும் இதே நாளில், இதே முறையில் நடக்கிறது. 1911-இல் நிறைவேறிய சட்டத்தின்படி கூட்டாட்சித் தேர்தல்கள் சனிக்கிழமையிலேயே நடக்க வேண்டும். 1924 முதல் வாக்களிப்பது கட்டாயம். வாக்குச்சாவடிகள் பெரும்பாலும் பள்ளிகளில் அமைவதால் பெற்றோர் சங்கம் அங்கே சாசேஜ் கடை போடும். குடும்பமாக வந்து வாக்களித்து, பிள்ளைக்கு ஒரு சாசேஜ் வாங்கித் தந்து, அடுத்த வீட்டாரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

6. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

பொது ஓய்வு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. நியூ சவுத் வேல்ஸின் மோரீ ஊரில் நகராட்சி நீச்சல் குளத்துக்குள் பழங்குடி மக்கள் அனுமதிக்கப்படவில்லை. பள்ளி வகுப்போடு வரும் நேரம் நீங்கலாகப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அதே தடை. 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்கின்ஸ் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் ஊர் ஊராகச் சென்ற விடுதலைப் பயணம் இந்தக் குளத்தின் வாசலில்தான் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது. வெயில் கொளுத்தும் பிப்ரவரியில் தோழர்கள் நீந்துவதை வேலிக்கு வெளியிலிருந்து பார்க்க நேர்ந்த பிள்ளைகளின் வரலாறும் ஆஸ்திரேலிய வார இறுதியின் வரலாறே. அதை விட்டுவிட்டு எழுதப்படும் எந்தச் சித்திரமும் பொய்யானது.

பெண்கள் உயிர்காப்புக் கழகங்களில் முழு உறுப்பினராகிக் காவற்பணி செய்ய 1980 வரை இடமில்லை. 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, சிட்னியின் க்ரொனல்லா கடற்கரையில் ஏறக்குறைய 5,000 பேர் திரண்டு, மத்தியக் கிழக்கு நாட்டவர் போலத் தோன்றியவர்களைத் தாக்கினர். ஒரு வாரம் முன்பு உயிர்காப்பாளர்களுக்கும் சில இளைஞர்களுக்கும் ஏற்பட்ட கைகலப்பு உடனடிக் காரணம். ஆனால் ரயிலில் நேரே சென்று இறங்கக்கூடிய பெருங்கடல் கடற்கரை சிட்னியில் க்ரொனல்லா ஒன்றே என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள மேற்குப் புறநகர்களின் குடியேறிகளுக்கு எளிதாக எட்டிய கடற்கரையில், அது யாருக்குச் சொந்தம் என்ற சண்டை மூண்டது. கலவரத்துக்குப் பின் உயிர்காப்பு இயக்கம் முஸ்லிம் இளைஞர்களைப் பயிற்சிக்கு அழைத்தது. சிட்னி வடிவமைப்பாளர் அஹெதா ஸனெட்டி உருவாக்கிய முழுவுடல் நீச்சலுடையை, கழகத்தின் சிவப்பு மஞ்சள் நிறங்களில் அணிந்து முஸ்லிம் பெண்கள் காவற்பணிக்கு வந்தனர்.

7. குடியேறியவர்களின் சனியும் ஞாயிறும்

குடியேறியவர்களின் வார இறுதியில் இன்னொரு கடமை சேர்கிறது: மொழி. விக்டோரியா மாநிலத்தின் மொழிப் பள்ளி 1935-இல் இத்தாலிய, ஜப்பானிய மொழிகளுக்கான சனிக்கிழமை வகுப்புகளாகத் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸில் 1978 முதல் அரசே சனிக்கிழமை மொழிப் பள்ளியை நடத்துகிறது. இவற்றோடு கிரேக்கர், சீனர், வியட்நாமியர், அரபு மொழியினர் என ஒவ்வொரு சமூகமும் தானே பள்ளி நடத்துகிறது.

தமிழர் இந்த வரிசையில் வலுவாகவே நிற்கின்றனர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் அதிகம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களும், பின்னர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இதில் பெரும்பகுதி. அரசுப் பள்ளி வகுப்பறைகளை வார இறுதிக்குப் பெற்று அங்கே தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. வாரம் முழுக்க மருத்துவமனையிலோ கணினி நிறுவனத்திலோ வேலை செய்தவர் ஞாயிறன்று கரும்பலகை முன் நின்று உயிர்மெய் எழுத்துகளைச் சொல்லித் தருகிறார். பிள்ளைகள் உள்ளே படிக்கும்போது பெற்றோர் வெளியே கூடிப் பேசும் அந்த இரண்டு மணி நேரமே பல குடும்பங்களுக்கு வாரத்தின் பெரிய சந்திப்பு. மேல்நிலைத் தேர்வில் தமிழைப் பாடமாக எடுக்கும் வாய்ப்பும் இந்த உழைப்பின் பயன். ஆனால் விலையும் உண்டு: தமிழ்ப் பள்ளியும் கிரிக்கெட் போட்டியும் ஒரே காலையில் வரும்போது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். விடப்படுவது எது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது.

கோயிலும் வார இறுதியோடு பிணைந்தது. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் குன்றில் 1985-இல் குடமுழுக்கு கண்ட வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு ஞாயிறன்று காரில் வருபவர்கள், தரிசனம் முடித்து, கோயில் உணவகத்தில் தோசையும் புளியோதரையும் சாப்பிட்டு, மலையிறங்கி ஸ்டான்வெல் பார்க் கடற்கரைக்குப் போகிறார்கள். புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்து அலையில் நிற்கும் பாட்டியும், சற்றுத் தள்ளி அலைப்பலகையோடு நீந்தும் இளைஞரும் ஒரே கடற்கரையில் இருப்பார்கள். இதைத் தனித்தொதுங்கும் வாழ்வென்று சொல்வோர் அந்தப் பிற்பகலைப் பார்க்கத் தவறுகிறார்கள். கோயிலும் கடலும் ஒரே நாளுக்குள் வருவதால், இந்தக் குடும்பங்கள் ஆஸ்திரேலிய ஞாயிறைத் தமக்கேற்ப விரித்துக்கொண்டிருக்கின்றன என்பதே சரியான வாசிப்பு.

8. ஞாயிறு வேலையும் சேர்ந்திருக்கும் நேரமும்

கடை நேரக் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. விக்டோரியா 1996-இல் கடை நேரங்களைப் பெரும்பாலும் திறந்துவிட்டது. பெர்த் மாநகரம் முழுவதற்கும் ஞாயிறு வணிகம் 2012-இல் விரிந்தது. உணவகத்தில் ஞாயிறு காலைச் சிற்றுண்டி பலருக்கு வார இறுதி இன்பமானது. அதைச் சமைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் அது வேலைநாள்.

இந்த இழப்புக்கு ஈடாகவே வார இறுதிக் கூடுதல் ஊதியம் உருவானது. 1947-இல் நடுவர் நீதிமன்றம், சனி ஞாயிறு வேலை குடும்ப வாழ்வையும் மதக் கடமைகளையும் குலைப்பதை அதற்குக் காரணமாகக் கொண்டது. 2017 பிப்ரவரியில் நியாய வேலை ஆணையம் இதை மறுபரிசீலனை செய்தது. ஞாயிறு வேலையால் ஏற்படும் இடர் முன்பிருந்ததைவிட மிகவும் குறைந்துவிட்டது என்று கருதி, சில்லறை வணிகத்தில் நிரந்தரப் பணியாளரின் ஞாயிறு ஊதியத்தை 200 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காட்டுக்குப் படிப்படியாகக் குறைக்கவும், விருந்தோம்பல் துறையில் 175-லிருந்து 150-ஆகக் குறைக்கவும் ஆணையிட்டது. தேவாலயத்துக்குச் செல்வோர் குறைந்துவிட்டனர், ஞாயிறன்று எல்லாம் திறந்திருக்கிறது என்பது முதலாளிகள் தரப்பு வாதம். சிறு உணவகங்களுக்கு ஞாயிறு ஊதியச் சுமை உண்மையானது என்பதையும் மறுக்க முடியாது.

ஆயினும் நேரப் பயன்பாட்டு ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. மைக்கேல் பிட்மன் 2005-இலும், லின் க்ரெய்க், ஜூடித் பிரௌன் இருவரும் 2014-இலும் வெளியிட்ட ஆய்வுகள், வார இறுதியில், குறிப்பாக ஞாயிறன்று, வேலை செய்வோர் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழிக்கும் நேரத்தை இழக்கிறார்கள் என்றும், அதை வார நாட்களில் ஈடுகட்ட முடிவதில்லை என்றும் கண்டறிந்தன. காரணம் எளிது. செவ்வாயன்று விடுப்பு கிடைக்கும் தந்தையின் பிள்ளை பள்ளியில் இருக்கிறது. நண்பர் அலுவலகத்தில் இருக்கிறார். நெட்பால் போட்டி சனிக்கிழமையே முடிந்துவிட்டது. ஓய்வு எத்தனை மணி நேரம் என்பதைவிட அது யாரோடு ஒத்துப்போகிறது என்பதே முக்கியம். மத வழக்கம் தளர்ந்ததை வைத்து ஞாயிறின் மதிப்புக் குறைந்துவிட்டது என்ற ஆணையத்தின் கணிப்பு இந்தச் சான்றுக்குப் போதிய எடை தரவில்லை. தேவாலயம் போன இடத்தில் குடும்பமும் கழகமும் மொழிப் பள்ளியும் கோயிலும் வந்து அமர்ந்திருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் ஒரே வேளையில் ஓய்வாயிருக்கும் மனிதர்கள் தேவை.

அலுவலக வேலைக்காரர்களுக்கு அண்மையில் ஒரு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. வேலை நேரத்துக்குப் பின் மேலாளரின் அழைப்புக்கும் மின்னஞ்சலுக்கும் பதிலளிக்க நியாயமாக மறுக்கும் உரிமையை 2024 ஆகஸ்ட் 26 முதல் சட்டம் வழங்குகிறது. சிறு நிறுவனங்களுக்கு அது ஓராண்டு கழித்து வந்தது. சனி ஞாயிறையே வேலை நேரமாகப் பெற்ற கடைப் பணியாளருக்கும், உணவகச் சமையல்காரருக்கும், முதியோர் இல்லச் செவிலிக்கும் இந்தச் சட்டம் அந்த நாட்களைத் திருப்பித் தருவதில்லை. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது வார இறுதிக் கூடுதல் ஊதியம் மட்டுமே. அதை மேலும் குறைக்கக் கோரும் எந்த வழக்கிலும், அவர்கள் இழக்கும் குடும்ப நேரத்தைப் பற்றிய இந்த ஆய்வுகள் முதன்மைச் சான்றாக வைக்கப்பட வேண்டும்.